திங்கட்கிழமைக் கூட்டம்

எங்கள் கரையில் ஞாயிற்றுக்கிழமை யாரும் கடலுக்குப் போகமாட்டார்கள். காலையில் மாதா கோயிலில் பூசை, பிறகு வலையைத் தைத்துக்கொண்டு வீட்டில் இருப்பார்கள். பாம்பனிலிருந்து தனுஷ்கோடி வரை சின்னப் பிள்ளைக்கும் தெரிந்த சங்கதி இது. எங்கள் பள்ளியின் பெற்றோர் ஆசிரியர் சங்கத்துக்கு மட்டும் தெரியாதாம். கூட்டத்தைத் திங்கட்கிழமை காலை பத்து மணிக்கு வைத்தார்கள். நினைத்தால் இன்றைக்கும் வயிறு எரிகிறது.

பள்ளியில் ஐந்தாம் வகுப்பு வரைதான். நான் அந்த ஐந்தாம் வகுப்பில்தான் இருந்தேன். புதிதாக வரப்போகும் ஆறாம் வகுப்பை எங்கள் கரையில் நடத்துவதா, மூன்று மைல் தள்ளிக் கடைத்தெருவில் நடத்துவதா என்று பெற்றோர் கைதூக்கி முடிவுசெய்ய வேண்டும். அந்த மூன்று மைல் மணலில் பெண் பிள்ளையைத் தனியே அனுப்ப எங்கள் தெருவில் யாருக்கும் மனசு வராது. கரையில் நடந்தால் எனக்குப் படிப்பு, இல்லாவிட்டால் அடுப்படி.

அய்யா கடலில் இருந்தார். காயப்போட்ட கருவாட்டைக் காக்கைக்கு விட்டுவிட்டு அம்மா ஓடிவந்தாள். உள்ளே பெஞ்சுகளில் கடைத்தெருக் கடைக்காரர்களும் குமாஸ்தாக்களும் உட்கார்ந்திருந்தார்கள். தலைமையாசிரியர் அவளை வாசலிலேயே மறித்தார்.

"அங்கனயே நில்லு. கருவாட்டு வாடை தாங்காது."

உட்கார்ந்திருந்தவர்களில் பாதிப்பேர் வீட்டுக் குழம்பில் கொதித்தது எங்கள் கருவாடுதான்.

அம்மா ஜன்னலுக்கு வெளியே நின்று கையைத் தூக்கினாள். "வாத்தியாரய்யா, கரையிலயே வச்சுருங்க. எம்மக படிக்கட்டும்" என்று கத்தினாள். பக்கத்து வகுப்பில் இருந்த எனக்கே கேட்டது. அவர்கள் உள்ளே தூக்கிய கைகளை மட்டும் எண்ணினார்கள்.

மறுநாள் தலைமையாசிரியர் கூட்டக் குறிப்பை என்னிடம் கொடுத்து, சங்க நோட்டில் அழகாக எழுதச் சொன்னார். என் கையெழுத்து முத்துமுத்தாக இருக்கும். 'கடற்கரைப் பெற்றோர் எவரும் வரவில்லை. பிள்ளைகளின் படிப்பில் அவர்களுக்கு அக்கறை இல்லை' என்றிருந்தது. ஓர் எழுத்துப் பிசகாமல் எழுதிக் கொடுத்தேன். பேஷ் என்றார். அவர்கள்மேல் இருக்கும் ஆத்திரத்தில் பாதி என்மேலும் உண்டு.

அன்று சாயங்காலம் அம்மா கேட்டாள்: "ஏத்தா, நாஞ் சொன்னத நோட்டுல எழுதுனாகளா?"

"எழுதிருக்காகம்மா" என்றேன்.

ஜூன் மாதம் ஆறாம் வகுப்பு கடைத்தெருவில் தொடங்கியது. நான் வீட்டில் இருந்தேன். அம்மாவுக்கு மட்டும் ஆறவே இல்லை. என்னோடு உட்கார்ந்து மீன் கீறும்போதெல்லாம் கேட்பாள்:

"நாஞ் சொன்னதத்தான் எழுதிட்டாகளே, பெறகு ஏன்த்தா அங்கன கொண்டு போனாக?"