மாமாவின் மூன்று மணித்தியாலம்

உம்மாவின் மூத்த காக்காதான் எங்கள் மாமா. கல்முனைப் பக்கத்திலிருந்து ஹஜ்ஜுக்கு விமானத்தில் போய்வந்த வயல்காரப் போடியார். ஐம்பதுகளில் அது பெரிய புதினம். மற்றவர்கள் கப்பலில் வாந்தியெடுத்துக்கொண்டு போன காலம். திரும்பி வந்த நாள் தொட்டு மனிதருக்கு ஒரே புளுகு.

"ரத்மலானை ஏர்போட்டில இரவு ஏழு மணிக்கு ஏறினன். ஜித்தாவில இறங்கக்குள்ள அங்கத்த மணிக்கூட்டில பத்து. மூண்டே மூண்டு மணித்தியாலம்! பஸ்ஸில பொத்துவிலுக்குப் போற நேரம்!"

வழி முழுக்கக் குறட்டை விட்டதை அவர் சொல்லவில்லை. பெட்டியை எடுத்துக்கொண்டு வெளியே வர, விடியற்காலைச் சுபஹுத் தொழுகைக்குப் பாங்கு சொன்னது என்பதை மட்டும் சொன்னார். இரவு பத்தரைக்கு எந்த ஊரில் சுபஹு பாங்கு சொல்வார்கள் என்று ஒருவரும் கேட்கவில்லை. இவ்வளவு வயல் வைத்திருப்பவர் சொன்னால் சூரியனும் கேட்டு நடக்க வேண்டும் போல.

நான் பள்ளிக்கூடத் தேசப்படத்தில் நூல் பிடித்து அளந்தேன். மூவாயிரம் மைலுக்குக் கிட்ட வந்தது.

"மணிக்கு ஆயிரம் மைல் பறக்கிற பிளேனும் இருக்கா மாமா?"

"ஆகாயத்தில மேடு பள்ளம் இருக்கா, புள்ள? நூலைக் கொண்டுபோய்த் தையலைப் பாரு."

எல்லோரும் சிரித்தார்கள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

அடுத்த வருடம் உம்மாவும் வாப்பாவும் புறப்பட்டார்கள். உம்மாவுக்கு ஒரே ஆசை, கஃபாவைத் தன் காலால் நடந்து ஏழு சுற்றும் சுற்ற வேண்டும். கப்பலில் போனால் உடம்பு தாங்காது. விமானம் என்றாலோ, அத்தனை ஆண்களுக்கு நடுவில் எழும்பிக் கக்கூசுக்குப் போவதை நினைத்தே கூசினார்.

"மூண்டு மணித்தியாலம் அடக்க ஏலாதா தங்கச்சி?" என்றார் மாமா.

உம்மா நம்பினார். பயண நாள் பகலிலிருந்து ஒரு மிடறு தண்ணீர் குடிக்காமல் ஏறினார். விமானம் பறந்தது பன்னிரண்டு மணித்தியாலம். நடுவில் எண்ணெய் ஊற்ற இறங்கியபோதும் இருக்கையை விட்டு அசையவில்லையாம். ஜித்தாவில் இறங்கியதும் மயங்கி விழுந்தார். பிறகு கடுங்காய்ச்சல்.

அங்கே சூரியன் மறையும் மஃரிபு நேரத்துக்குப் பன்னிரண்டு மணி என்று வைத்துத்தான் மணிக்கூடு ஓடுகிறது என்பதை வாப்பா திரும்பி வந்து சொன்னார். அங்கத்தப் பத்து மணி என்றால் விடியப் போகிறது என்று அர்த்தம். மாமா நம் ஊர் ஏழு மணியை அந்தப் பத்து மணியிலிருந்து கழித்திருக்கிறார்! ஒரு ஹஜ் முழுக்க அந்த ஊரில் இருந்தும் விளங்காத மண்டை.

ஹாஜியாரம்மாவைப் பார்க்க வீடு நிறையச் சனம். மாமா நடுவில் இருந்துகொண்டு, "எப்படி தங்கச்சி, மூண்டு மணித்தியாலம்தானே?" என்றார்.

"ஓம் காக்கா," என்றார் உம்மா.

உள்ளே வந்தவரைப் பிடித்துக்கொண்டேன். "ஏன் உம்மா பொய் சொன்னீங்க?"

"ஹஜ்ஜு செய்துபோட்டு வந்து, கூடப் பிறந்தவரைச் சபையில வெட்கப்படுத்தச் சொல்றியா மகள்?"

நான் ஹஜ் செய்யாதவள். முக்காட்டை இழுத்துவிட்டு நேரே சபைக்குப் போனேன்.

"மாமா, உங்கட தங்கச்சி நடக்கல்ல. நாலு பேர் கட்டிலில தூக்கித்தான் ஏழு சுற்றும் சுற்றினாங்க."