சித்தியின் கை

நான் கிளம்பிய நாள் ஒரு செவ்வாய்க்கிழமை. மாவு நிறுக்கும் மேசைத் தராசில் சித்தி என் பெட்டியை ஏற்றிப் பார்த்தாள். விமானத்தில் அனுமதித்த அதே இருபது கிலோ. விமான நிலையத்தில் அதே பெட்டி இருபத்து மூன்று காட்டியது. கொஞ்சம் துணியோடு சித்தி கொடுத்த கேக்கையும் அங்கேயே விட்டுவிட்டேன். கேக்குக்காக வருத்தப்படவில்லை, அது செங்கல்.

போன் செய்தபோது சித்தப்பா எடுத்தார். "அவங்க தராசு அப்படித்தான்மா காட்டும். காசு பிடுங்கணும்ல," என்று சிரித்தார். தராசு பழுதுபார்ப்பது அவர் தொழில். நம்பினேன்.

ஒரு காலத்தில் சித்தியின் கேக்குக்குத் தெருமுனை வரை ஆள் நிற்கும். சித்தப்பா கடையில் ஈ ஓட்டினார். 'கேக்கம்மா வீட்டுக்காரர்' என்றுதான் தெருவில் அவருக்கு அடையாளம். அந்தப் பட்டம் வந்த வருஷம்தான் கேக் இறுகத் தொடங்கியது. முட்டையை எண்ணிப் போடுவாள், பாலைக் குவளையில் அளப்பாள். மாவு மட்டும் தராசில். தராசை ஞாயிறுதோறும் திறந்து சரிபார்ப்பது சித்தப்பா.

"தராசு பொய் சொல்லாது. உனக்குத்தான் கை மறந்துபோச்சு," என்பார். அதட்டமாட்டார். தலையைத் தடவிக்கொடுத்தே சொல்வார்.

சில வருஷம் கழித்துத் திரும்பினேன். கேக் அடுப்பின் மேல் துணி காய்ந்தது. சித்தி டீ போட்டு, சித்தப்பாவிடம் ஒரு டம்ளரை நீட்டினாள்.

"ஏங்க, சர்க்கரை போட்டேனா?"

ஒரு வாய் குடித்தார். "போட்டாச்சு. போன வாரம் மாதிரி மறுபடி கொட்டிடாத."

நானும் குடித்தேன். கஷாயம்.

"சித்தி, இதுல சர்க்கரையே இல்ல."

சித்தி என்னைப் பரிதாபமாகப் பார்த்தாள். "ஊர் ஊராச் சுத்தி உனக்கு நாக்கு செத்துப்போச்சுடி."

சித்தப்பா முகம் சுளிக்காமல் கடைசிச் சொட்டுவரை குடித்தார். அப்போதுதான் அந்த மூன்று கிலோ ஞாபகம் வந்தது. இன்னும் பிரிக்காத பெட்டியில், வரும்போது விமான நிலையத்தில் ஒட்டிய எடைச் சீட்டு இருந்தது: இருபத்திரண்டு. தூக்கித் தராசில் வைத்தேன். பத்தொன்பது.

"பாரு சித்தி. உன் கை இல்ல, இதுதான் பொய் சொல்லுது. குறைச்சுக் காட்டுறதால மாவு கூடப் போயிடுது. இதைத் திறக்கிறது யாரு?"

சித்தப்பா டம்ளரைக் கீழே வைத்தார். "உன் அக்கா பொண்ணு. நாலு நாள் இருந்துட்டுப் போறவ. நான் சாகுற வரைக்கும் கூட இருக்கிறவன். யாரை நம்பணும்னு நீயே யோசிச்சுக்கோ."

சித்தி தராசையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு டம்ளர்களைக் கழுவப் போனாள். எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. மறுவாரம் கிளம்பிவிட்டேன்.

அதற்கும் வெகுநாள் கழித்து, சித்தப்பா இறந்து வருஷம் ஒன்றான பிறகு, சித்தியிடமிருந்து ஒரு செய்தி வந்தது.

"நீ சொன்னது மனசுல அரிச்சுக்கிட்டே இருந்துச்சு. புதுத் தராசு வாங்கி, இத்தனை வருஷத்துக்கப்புறம் நேத்து கேக் போட்டேன். அப்பவும் கேக் கல்லாத்தான் வந்துச்சு. பாவம்டி அந்த மனுஷன். கடைசிவரைக்கும் அவரைச் சந்தேகப்பட்டுட்டேன்."