ஐந்து வருடம் வரி இல்லை

என் வாழ்நாளில் நான் வாங்கிய ஒரேயொரு மின்சாரக் காரை என் மனைவியின் வயிற்றுக்காகத்தான் வாங்கினேன். காற்றைச் சுத்தமாக வைத்திருக்க வேண்டும் என்ற நல்லெண்ணமெல்லாம் எனக்கு இருந்ததில்லை. அதற்கு முன் என்னிடம் இருந்த டீசல் வண்டி புறப்பட்டால் பக்கத்து வீட்டுக்காரர் யன்னலைச் சாத்துவார். அதில் எனக்கு ஒரு சின்னப் பெருமைகூட இருந்தது.

அவளுக்குப் புற்றுநோய்க்கு மருந்து ஏற்றத் தொடங்கிய பிறகு டீசல் மணம் ஒத்துவரவில்லை. கார்க் கதவைத் திறந்தாலே ஓங்காளிப்பாள். பஸ்ஸில் போய்ப் பார்த்தோம். அதுவும் டீசல்தான். நாங்கள் இருந்தது ஜேர்மனியில் வுப்பர்டாலுக்கும் டோர்ட்மண்டுக்கும் இடையில், ஏற்றமும் இறக்கமுமான ஒரு சின்ன நகரம். வைத்தியசாலையைக் கொண்டுபோய் மலை உச்சியில் கட்டியிருந்தார்கள். நாலு தரிப்பு தாண்டுவதற்குள் அவள் இறங்கிவிடுவாள். மிச்ச ஏற்றத்தை நான் பொலித்தீன் பையைப் பிடித்துக்கொண்டும், அவள் என்னைப் பிடித்துக்கொண்டும் நடப்போம். இரண்டு தடவை பாதி வழியில் திரும்பி வந்தோம். மூன்றாவது தடவையும் வராவிட்டால் இதுவரை ஏற்றியதும் வீண் என்று வைத்தியசாலையில் சொன்னார்கள்.

அப்போதுதான் எங்கள் மருந்துக்கடைக் கிழவர் கடையை மூடப்போவதாகக் கண்ணாடியில் ஒட்டியிருந்தார். அந்தக் காகிதத்தின் கீழே இன்னொரு காகிதம்: மின்சாரக் கார், இரண்டு ஆசனம், விலை பேசலாம். நடக்க முடியாத முதியவர்களுக்கு அவர் மருந்து கொண்டுபோய்க் கொடுத்த கார் அது. பார்ப்பதற்குப் பெரிய சவர்க்காரப் பெட்டிக்குச் சில்லுப் பூட்டியது போல இருக்கும். விலை பேசினேன். அதாவது அவர் விலையைச் சொன்னார், நான் ஓம் என்றேன்.

இந்த இடத்தில் என்னைப் பற்றி ஒன்று சொல்லவேண்டும். எங்கள் பகுதித் தமிழருக்கு வருகிற ஜேர்மன் கடிதங்களை வாசித்துச் சொல்பவன் நான். பகலில் பூட்டுத் தொழிற்சாலையில் வேலை, பின்னேரத்தில் கடிதம். சனம் கடிதத்தோடு வரும், தேத்தண்ணி குடிக்கும், நான் பாதியை வாசித்து மீதியை ஊகித்துச் சொல்வேன். ஊகம் பெரும்பாலும் சரிவந்ததால் முழுவதையும் வாசிக்கும் பழக்கம் என்னைவிட்டுப் போயிருந்தது.

காரைப் பதியப் போனேன். காப்புறுதிக்காரரின் அட்டை, காரின் புத்தகம், என் கடவுச்சீட்டு எல்லாவற்றையும் மேசையில் பரப்பினேன். கண்ணாடியைச் சங்கிலியில் தொங்கவிட்ட ஓர் அம்மா அவற்றை ஒவ்வொன்றாகப் புரட்டினார்.

“புகைச் சோதனைப் பத்திரம் எங்கே?”

“இந்தக் கார் புகை விடாது.”

“எல்லாக் காரும் விடும்.”

“இதற்குப் புகைக்குழாயே இல்லை. சோதனைக்காரர் கருவியை எங்கே செருகுவார்?”

அவர் என்னைக் கண்ணாடிக்கு மேலாகப் பார்த்தார். உள்ளே போய்த் தடித்த புத்தகம் ஒன்றைப் பார்த்துவிட்டு வந்தார். வந்தவர் மேற்சட்டையை எடுத்துப் போட்டுக்கொண்டு, “காட்டுங்கள்” என்றார். இருவரும் கீழே இறங்கி முற்றத்துக்குப் போனோம். அவர் குனிந்து காரின் பின்பக்கத்தைப் பார்த்தார். துணைக்கு நானும் குனிந்தேன். “உண்மைதான்” என்றார்.

மேலே வந்து முத்திரை குத்தும்போது அவருக்கு என்னைப் பிடித்துவிட்டது போலிருந்தது. “மின்சாரக் காருக்கு ஐந்து வருடம் வரி இல்லை, தெரியுமா? அது எப்போதிருந்து என்றால்…” என்று தொடங்கினார்.

“ஐந்து வருடமா? என் கலியாணத்துக்குக்கூட அவ்வளவு சலுகை கிடைக்கவில்லை” என்று நான் குறுக்கே விழுந்தேன்.

அவர் சிரித்தார். சிரித்து முடித்தபோது அந்த வசனம் கைவிட்டுப் போயிருந்தது. துண்டுப் பிரசுரம் ஒன்றைத் தந்தார். மடித்துச் சட்டைப்பையில் வைத்தேன். எதிர்க் கடையில் இலக்கத் தகடு அடித்து, அதற்கு முத்திரை ஒட்டி, கட்ட வேண்டியதைக் கட்டிவிட்டு, ஒரு சத்தமும் இல்லாமல் வீட்டுக்கு வந்து சேர்ந்தேன்.

அவள் காரைச் சுற்றிப் பார்த்தாள். கெவலார் மாதா கோயிலுக்கு யாத்திரை போனபோது கொண்டுவந்த தீர்த்தப் போத்தலைத் திறந்தாள்.

“மெல்லமாத் தெளியும். உள்ளுக்கை முழுக்கக் கரண்ட்” என்றேன்.

“மாதாவுக்குத் தெரியும் எங்கை தெளிக்கிறதெண்டு.”

பிறகு ஏறி உட்கார்ந்து மூக்கை உறிஞ்சினாள். நான் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றேன். “மென்தோல் மணக்குது. பறவாயில்லை” என்றாள். அந்த முறை மருந்து தவறவில்லை.

இரண்டு நாள் கழித்து டொக்டரைப் பார்க்க நேரம் குறித்த தெர்மின் இருந்தது. அவள் வேலை செய்த இடங்களில் துடைப்பத்தோடுதான் பேசவேண்டியிருந்தது. அதனால் ஜேர்மன் அதிகம் வராது. டொக்டர் சொல்வதை அவளுக்கு நான்தான் சொல்லவேண்டும். அவர் இளைஞர். மேசையைப் பார்த்துக்கொண்டு, தணிந்த குரலில், நீளமாகச் சொன்னார். ஈரலுக்கும் போய்விட்டது. ஒரு வருடம். மருந்து வேலை செய்தால் இரண்டு. சொல்லிவிட்டு, நான் மொழிபெயர்ப்பதற்காகக் காத்திருந்தார்.

“என்னவாம்?” என்றாள் அவள்.

அன்று நான் பதிவுக்குப் போன அதே சட்டையைத்தான் போட்டிருந்தேன். பையில் கையை விட்டேன். அந்தப் பிரசுரம் விரலில் பட்டது.

“அஞ்சு வருசத்துக்குப் பயமில்லையாம்” என்றேன்.

இதை எழுதும்போது நெற்றியில் அடித்துக்கொள்ள வேண்டும் போலிருக்கிறது. ஒரு பொய்யைச் சொல்லவேண்டிய இடத்தில்கூடச் சொந்தமாக ஓர் எண்ணை யோசிக்காமல் வரிக் கந்தோரிடம் கடன் வாங்கியவன் நான்.

அந்த ஐந்து வருடத்தை அவள் செலவழிக்கத் தொடங்கிய விதம்தான் என்னைக் கொன்றது. ஹம்பேர்க்கில் அவளுக்கு ஒரு தங்கச்சி. இருவரும் ஏழு வருடமாகப் பேச்சில்லை. தங்கச்சியின் கலியாண வீடியோவை வெட்டிச் சுருக்கியபோது என் மனைவி வந்த துண்டு முழுவதும் போய்விட்டது. வாசலில் ஆரத்தி எடுத்ததும் இல்லை, கோயிலில் வேதாகம வாசகம் வாசித்ததும் இல்லை. வேண்டுமென்றே வெட்டினாள் என்பது இவள் கட்சி. வீடியோக்காரன் செய்த வேலை என்பது அவள் கட்சி. இந்த நோய் வந்த பிறகு நான் பலமுறை சொல்லிப் பார்த்தேன்.

“ஒருக்கா ரெலிபோன் எடுமன்.”

“அவள் எடுக்கட்டும். அஞ்சு வருசம் கிடக்குதெல்லே.”

அந்த ஐந்தைக் கொடுத்தவனே நான். ரகசியமாகத் தங்கச்சிக்கு நானே எடுத்துச் சொல்லியிருக்கலாம். அப்படிச் சொன்னால் அவள் அழுதுகொண்டு வந்து நிற்பாள், என் பொய் உடைந்துவிடும். என் பொய்யைக் காப்பாற்ற நான் தங்கச்சியை ஹம்பேர்க்கிலேயே இருக்கவிட்டேன்.

மாரி வந்தது. குளிர் என்றால் பற்றரிக்குப் பாதி உயிர். புத்தகத்தில் எண்பது கிலோமீற்றர் என்று போட்டிருந்தது முப்பத்தைந்தாகச் சுருங்கியது. உள்ளே சூடு போட்டால் கார் மலை ஏறாது. மலை ஏற வேண்டுமென்றால் சூடு போட ஏலாது. அவளைக் கம்பளியில் சுற்றி, மடியில் சுடுதண்ணிப் பையும் வைத்து ஏற்றுவேன். பின்னால் பத்துக் கார் வரிசையாக ஹோர்ன் அடித்துக்கொண்டு வரும்.

“ஊர்வலம் போறம்” என்பேன்.

“பாட்டுக் கோஷ்டியைத்தான் காணேல்லை” என்பாள்.

காருக்கு இரண்டாம் மாடிக் குசினி யன்னலால் வயர் இறக்கித்தான் கரண்ட் கொடுத்தேன். கட்டடக் காவலர் வந்து, இது என்ன தூண்டிலா என்று கேட்டுவிட்டுப் போனார்.

வரிக் கந்தோரின் கடிதம் பதிந்த சில கிழமையிலேயே வந்திருந்தது. கட்டவேண்டியது பூச்சியம் யூரோ என்று கண்டதும் மிச்சத்தை நான் வாசிக்கவில்லை. கோப்பில் குத்திவைத்தேன். மாசி மாதம் ஒரு பின்னேரம், நோய்க்கால வருத்தக் காசுக் கடிதம் ஒன்றைத் தேடிக் கோப்பைப் புரட்டியவள் அதை எடுத்துக்கொண்டு குசினிக்கு வந்தாள். நான் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தேன்.

“இஞ்சாருங்கோ, இதிலை வரி இல்லை எண்டு கிடக்கு. ‘பிஸ்’ எண்டு போட்டு ஒரு திகதியும் கிடக்கு. ‘பிஸ்’ எண்டால் வரைக்கும்தானே? கடையிலை மலிவு விற்பனைக்குப் போடுறவங்கள்.”

வாங்கிப் பார்த்தேன். திகதி அடுத்த வருடச் சித்திரை. மிச்சத்தையும் அப்போதுதான் வாசித்தேன். ஐந்து வருடம் என்பது கார் முதன்முதலாகப் பதியப்பட்ட நாளிலிருந்து. அதில் ஏறத்தாழ மூன்றரை வருடத்தை மருந்துக்கடைக் கிழவர் ஓடி முடித்துவிட்டார். நான் வாங்கியது மிச்சம் மட்டும். பதிவில் அந்தக் கண்ணாடி அம்மா சொல்ல வந்ததும் இதைத்தான்.

அதை அவளுக்கு விளக்கினேன். ஊர்க் கடிதமெல்லாம் வாசிக்கிறவன் தன் கடிதத்தில் கவிழ்ந்த கதையாகச் சொல்லி, சிரிக்கவைக்கப் பார்த்தேன். அவள் சிரிக்கவில்லை.

“அப்ப டொக்டர் சொன்ன அஞ்சு?”

நான் வெங்காயத்தைப் பார்த்தேன்.

“எனக்கு டொய்ச் தெரியாதுதான். ஆனா ஒண்டிலை இருந்து பத்துமட்டும் எண்ணத் தெரியும். அவர் அண்டைக்கு அஞ்சுக்குரிய ஃபுன்ஃப் எண்டு சொல்லேல்லை. ஸ்வை எண்டு ஒருக்காச் சொன்னவர். அது ரெண்டு வருசமோ, ரெண்டு மாசமோ, ரெண்டு குளிசையோ எண்டு எனக்கு விளங்கேல்லை.”

“அப்ப ஏன் கேக்கேல்லை?”

“நீங்கள் சொன்னது பொய்யெண்டு தெரியும். எவ்வளவு பொய்யெண்டுதான் தெரியேல்லை. இப்ப சொல்லுங்கோ.”

சொன்னேன். அவள் கடிதத்தை மேசையில் வைத்து மடிப்பை விரலால் நீவினாள். “காரும் நானும் ஒரே கணக்குத்தான்” என்றாள். பிறகு, “நான் இந்த ஆறு மாசமும் வீம்பு பிடிச்சுக்கொண்டிருந்தனான். நீங்கள் பாத்துக்கொண்டு இருந்தியள்” என்றாள். அவள் எழுந்து போய் ரெலிபோனை எடுத்தாள். ஹம்பேர்க் இலக்கம் அவளுக்கு மனப்பாடமாக இருந்தது.

தங்கச்சி மறுநாளே ரயிலில் வந்து இறங்கினாள். பையில் ஒரு வீடியோக் கசெற். வெட்டாத முழுப் பிரதி. எப்போதோ வீடியோக்காரனைப் பிடித்து வாங்கி வைத்தவள், அக்கா எடுக்கட்டும் என்று இவளைப்போலவே காத்திருந்திருக்கிறாள். மூவரும் இருந்து பார்த்தோம். என் மனைவி அதில் பதினொரு நிமிடம் வருகிறாள். அதில் ஏழு நிமிடம் சாப்பிடுகிறாள்.

“இதைத்தானடி வெட்டினவன். வீடியோக்காரன்ரை கையைக் கும்பிடவேணும்” என்றாள் மனைவி. அக்காவும் தங்கச்சியும் சிரித்த சிரிப்பில் கட்டடக் காவலர் கதவைத் தட்டினார்.

காரில் இரண்டு ஆசனம்தான். வந்து நிற்கும் நாட்களில் தங்கச்சி பஸ்ஸில் போவாள். எங்களுக்கு முன்னமே போய்ச் சேர்ந்து வைத்தியசாலை வாசலில் கைகட்டிக்கொண்டு நிற்பாள். “என்ன அத்தான், நடந்தோ வாறியள்?” என்பாள்.

வெயில் காலம் போய் மறுபடியும் குளிர் தொடங்கியபோது நான் ஒன்றைக் கவனித்தேன். கார் முந்திய மாரியைவிட இலகுவாக மலை ஏறியது. வழக்கமாக மூச்சு வாங்கும் திருப்பத்தில்கூட வேகம் விழவில்லை. எனக்குச் சந்தோசம் தாங்கவில்லை.

“பாத்தீரே, பற்றரி தேறிட்டுது” என்றேன்.

அவள் கம்பளிக்குள்ளிருந்து என்னைப் பார்த்தாள். “பற்றரி இல்லை, நான்” என்றாள்.

காலநிலை, சில்லுக் காற்று என்று ஏதேதோ சொன்னேன். அவள் யன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். அந்தக் கம்பளியைத் தூக்கிப் பின்னால் போடுகிற பாரம்தான் அப்போது அவளைத் தூக்கி ஏற்றுவதிலும் இருந்தது. அது எனக்குத் தெரியாமல் இல்லை. தெரிந்ததையும் நான் கடைசி வரி வரைக்கும் வாசிப்பதில்லை.

பங்குனியில் அவள் போய்விட்டாள். கடைசி மூன்று கிழமையும் தங்கச்சி பக்கத்திலேயே இருந்தாள். ஆறு மாதத்தை நான் தின்றிருக்காவிட்டால் அக்காவுக்கும் தங்கச்சிக்கும் இன்னும் ஆறு மாதம் கிடைத்திருக்கும். தங்கச்சி இதை என்னிடம் ஒருநாளும் சொன்னதில்லை. சொல்லியிருக்கலாம்.

சித்திரை முடிய வரிக் கந்தோரின் அடுத்த கடிதம் வந்தது. அதை முதல் எழுத்திலிருந்து கடைசிப் புள்ளிவரை வாசித்தேன். சலுகைக் காலம் முடிந்தது. இனி வரி உண்டு. மின்சாரக் காருக்கு அதன் பாரத்தை வைத்துத்தான் வரி. அதுவும் வெறும் காரின் பாரம் இல்லை, ஆட்கள் ஏறி உட்கார்ந்தால் எவ்வளவு இருக்கலாமோ அந்த முழுப் பாரம். பெரிய தொகை இல்லை. மூன்று கிழமை மீன் வாங்கும் காசு. ஆனாலும் ரெலிபோனை எடுத்தேன்.

ஓர் இளம் பையனின் குரல். என் இலக்கத்தைச் சொன்னேன்.

“இந்தக் கார் இரண்டு ஆசனம். இப்போது நான் மட்டும்தான் ஓடுகிறேன். மற்ற ஆசனத்துக்கும் நான் வரி கட்ட வேண்டுமா?” என்று கேட்டேன். பகிடியாகத்தான் தொடங்கினேன்.

அவன் அதைப் பகிடியாக எடுக்கவில்லை. மிக மரியாதையாக விளக்கினான். அந்த ஆசனத்தைக் கழற்றிவிட்டு, பொறியியலாளரிடம் காரைக் காட்டி, ஒராள் கார் என்று புத்தகத்தில் மாற்றி எழுதுவிக்கலாம். பாரம் எவ்வளவு குறைகிறது என்பதைப் பொறுத்து வரியும் குறையலாம். ஆனால் அந்த மாற்றத்துக்கான கட்டணம் அதைவிடக் கூடுதலாக வரும்.

“ஆசனத்தைக் கழற்ற விரும்புகிறீர்களா?” என்று கேட்டான்.

இந்த முறை நான் குறுக்கே விழாமல் அவனை முழுவதும் சொல்லி முடிக்கவிட்டேன். பிறகு வேண்டாம் என்றேன்.

“அப்படியென்றால் முழுத் தொகையும் கட்டவேண்டும்” என்றான்.

“கட்டுகிறேன்” என்றேன்.