உப்பு நிரப்பிய ஸ்டாண்டு

கலியபெருமாள் இருபது வருஷமாக உப்பளத்தில் எடை சூப்பர்வைசர். மூட்டை தராசில் ஏறுவதையும் இறங்குவதையும் நாற்காலியில் உட்கார்ந்து பார்ப்பதுதான் வேலை. பாத்திக்குள் கால் வைத்ததில்லை, கால் வெடித்துவிடுமாம். அவர் மனைவி பொன்னி ஆறாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டுவிட்டு, கல்யாணம் ஆகும்வரை அதே பாத்திகளில் உப்பு வாரியவள். அந்த வித்தியாசத்தை மாதத்துக்கு ஒரு தடவையாவது எடுத்துச் சொல்லாவிட்டால் அவருக்குச் சோறு செரிக்காது.

ரோடு அகலப்படுத்த அவர் அப்பா நிலத்தில் ஒரு துண்டு போய் நஷ்டஈடு வந்த வருஷம், அவருக்குத் திடீரென்று காது முளைத்தது. அதுவரை பஸ்ஸில் எந்தப் பாட்டைப் போட்டாலும் தலையாட்டிக்கொண்டு வந்தவர்தான். பாண்டிச்சேரியில் கௌதமன் என்ற ஒருவர் வீட்டில் அரை மணி நேரம் பாட்டு கேட்டுவிட்டு வந்து, "இத்தினி நாளா நாம கேட்டது பாட்டே இல்ல, பொன்னி" என்றார்.

பொன்னி மீன் கழுவிக்கொண்டிருந்தாள். "அப்ப இன்னாங்க அது?"

"சத்தம்."

பிறகு பார்சல் பார்சலாக வந்தது. உள்ளங்கை அளவு கம்ப்யூட்டர் போர்டு, ஒரு ஹார்டு டிஸ்க், ஆம்ப்ளிபையர், இரண்டு ஸ்பீக்கர். பாட்டெல்லாம் டிஸ்கில் கிடக்குமாம். போர்டு அதை எடுத்துக் கொடுக்குமாம். செல்போனைத் தொட்டால் பாடுமாம். இதற்கு மியூசிக் சர்வர் என்று பேர். மூன்று ஞாயிற்றுக்கிழமை தரையில் படுத்து ஒயர் மாட்டினார். இன்டர்நெட்டில் சும்மா கிடைத்த மட்டமான பாட்டுகளை எல்லாம் பெரிய பெரிய ஃபைலாக மாற்றி ஏற்றினார். ஃபைல் பெரிதானதால் பாட்டு தெளிவாகிவிட்டதாம். கால் படிப் பாலை அண்டாவில் ஊற்றிவிட்டு, அண்டா நிறையப் பால் என்கிற மாதிரி இருந்தது பொன்னிக்கு. சொல்லவில்லை.

சொல்ல வேண்டிய விஷயம் வேறு ஒன்று இருந்தது. அந்த வீட்டில் கடல் காற்று அடிக்காத அறை உள்ளறை ஒன்றுதான். அங்கேதான் அவளுடைய தையல் மெஷின் இருந்தது. கலியபெருமாள் டேப் வைத்து அளந்து, ஸ்பீக்கர் இரண்டும் நாற்காலியும் முக்கோணமாக நிற்க வேண்டும் என்று கண்டுபிடித்தார். முக்கோணத்துக்குள் மெஷின் இருந்தது.

"வராண்டாவுல வெச்சிக்கோ. இங்க இருந்தா சத்தம் செதறும்."

"கடக் காத்துல துரு புடிச்சிடுங்க. ஊசி எறங்குற எடத்துல துணில கறை ஏறும்."

"எண்ண போடு."

எண்ணெய் போட்டாள். காலையில் ஒரு தடவை, மாலையில் ஒரு தடவை துடைத்தாள். அப்படியும் ஊசிக்கம்பியில் பழுப்பு படர்ந்தது. மாதா கோயில் தெரு மேரிசெல்வி, மகள் கல்யாணத்துக்கு வெள்ளைச் சாட்டின் துணி கொண்டுவந்தவள், மெஷினை விரலால் தடவிப் பார்த்தாள். விரல் பழுப்பாக வந்தது.

"இதுலயா என் பொண்ணு ஜாக்கெட்ட தைக்கப்போற? வெள்ளத் துணிடி. ஒரு பொட்டு கறை பட்டாலும் கோயில்ல அத்தினி சனமும் அதத்தான் பாக்கும்."

"உள்ள எடம் மாத்திடுறேன்க்கா."

"ஞாயித்துக்கெழம பூச முடிஞ்சி வருவேன். இந்த மெஷினு இங்கியே இருந்துச்சுன்னா துணிய வாங்கிக்கினு திண்டிவனம் போயிடுவேன். மத்தவங்களுக்கும் சொல்லத்தான் சொல்வேன்."

அந்தத் தெரு போனால் பொன்னியின் பாதித் தையல் போனது.

அன்று மாலையே ஸ்பீக்கர் வைக்கும் ஸ்டாண்டை மாட்ட வெல்டிங் கடை ஐயப்பன் வந்தான். உள்ளே வெறுமையான இரும்புக் குழாய்க் கால். கீழே அகலத் தகடு. கனத்துக்காகக் குழாயில் காய்ந்த மணல் நிரப்பச் சொல்லிக் கௌதமன் அனுப்பியிருந்தார். கலியபெருமாள் உப்பளத்திலிருந்து இரண்டு மூட்டை உப்பு கொண்டுவந்திருந்தார்.

"மணல் எவன் வேணா போடுவான். நம்ம ஊரு கல்லுப்பு, எப்பிடி இறுகி நிக்குது பாரு."

"மழ மாசத்துல உப்பு தண்ணி விட்டுக்குங்க" என்றாள் பொன்னி. "மணலே போடுங்க."

"மேல மூடி போட்டிருக்கேன். மழ எப்பிடி உள்ள வரும்?"

"மழ வர வேணாம். காத்தே போதும்."

"ஏம்பா ஐயப்பா, கேட்டியா? காத்துல தண்ணி வருதாம்."

ஐயப்பன் மரியாதைக்குச் சிரித்தான். அடை மழையில் ஓலை போட்டு மூடிய உப்புக் குவியலின் அடி கசிந்து ஓடுவதை இருபது வருஷம் நாற்காலியிலிருந்து பார்த்தவர் கலியபெருமாள். ஆனால் அது உப்பளத்து உப்பு. இது ஹைஃபை உப்பு. ஒயர் நீண்டால் தரம் கெடும் என்று போர்டையும் டிஸ்கையும் வலது ஸ்டாண்டின் அடித்தகட்டிலேயே வைத்தார். பொன்னி ஒரு தடவை சொல்லிவிட்டாள். இரண்டாம் தடவை சொல்லும் பழக்கம் அவளுக்கு இல்லை.

நாலு நாள் விடாமல் பெய்தது.

ஞாயிற்றுக்கிழமை காலை கௌதமன் காரில் வந்தார். கலியபெருமாள் இஸ்திரி போட்ட சட்டையோடு அவரை நாற்காலியில் உட்காரவைத்து, கண்ணை மூடிக்கொள்ளச் சொல்லிவிட்டு, செல்போனைத் தொட்டார். ஒன்றும் வரவில்லை. மறுபடி தொட்டார். கௌதமன் எவ்வளவு நேரம்தான் கண்ணை மூடியிருப்பார். திறந்து கீழே பார்த்தார்.

"கீழ இன்னாங்க ஈரம்?"

வெல்டிங் இடுக்கில் துரு கலந்த தண்ணீர் கசிந்து, அடித்தகட்டில் தேங்கி நின்றது. போர்டு அதில் குளித்துக்கொண்டிருந்தது. கௌதமன் விரலால் தொட்டு நாக்கில் வைத்தார்.

"உப்பா ரொப்பினீங்க?"

கலியபெருமாள் வெல்டிங் சரியில்லை என்றார். ஐயப்பன் பயலுக்கு வேலை தெரியாது என்றார். கௌதமன் காபியைப் பாதியில் வைத்துவிட்டு, "டிஸ்கும் போயிருக்கும் சார், புதுசாத்தான் பாக்கணும்" என்று கிளம்பினார். கார் சத்தம் ஓய்ந்ததும் கலியபெருமாள் பொன்னி பக்கம் திரும்பினார்.

"உப்புல பொறந்து வளந்தவ, இன்னும் கொஞ்சம் அழுத்தமா சொல்லியிருக்கக் கூடாதா?"

பொன்னி நாற்காலியை எடுத்து வெளியே வைத்தாள். ஸ்பீக்கர்களை இறக்கி, ஸ்டாண்டுகளை ஒவ்வொன்றாகச் சாய்த்து வராண்டாவுக்கு இழுத்துக்கொண்டுபோனாள். தரையில் பழுப்புக் கோடு விழுந்தது. அதைத் துடைத்துவிட்டு மெஷினை உள்ளறைக்குத் தள்ளினாள். ஊசிக்கம்பியை மண்ணெண்ணெய் போட்டுத் தேய்த்து, புது ஊசி மாட்டி, பழைய வெள்ளை வேட்டித் துண்டில் இருபது வரி ஓட்டிப் பார்த்தாள். பூசை முடிந்து வந்த மேரிசெல்வி அந்தத் துண்டை ஜன்னலோரம் கொண்டுபோய், வெளிச்சத்தில் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் திருப்பினாள்.

"சரி, தை" என்றாள்.

அவள் போனதும் கலியபெருமாள் வாசற்படியில் நின்று எட்டிப் பார்த்தார்.

"புது போர்டு அடுத்த வாரம் வந்துடும். இந்த வாட்டி மணல்தான்."

"வரட்டுங்க" என்றாள் பொன்னி, சாட்டின் துணியை விரித்துக்கொண்டே. "வராண்டாவுல எடம் இருக்குது."