விசிறி இல்லாத கார்டு

பாக்கியநாதன் அவர்கள் இறந்த செய்தி வந்தபோது நான் புதுச்சேரியில் ஒரு கண் மருத்துவமனை வரிசையில், என் மகன் நிரஞ்சனை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். எங்கள் டோக்கனுக்கு முன்னால் ஒருவர்தான் இருந்தார். என் கணவர் செல்வம் மரக்காணத்திலிருந்து போனில் கூப்பிட்டார்.

"பாக்கியம் சார் போய்ட்டாரு."

எங்கள் வீட்டில் அந்தப் பெயரைச் சொல்லி மாதக்கணக்காகியிருந்தது. தெரிந்துகொண்டே, "எந்த பாக்கியம்?" என்று கேட்டேன்.

"கம்ப்யூட்டர் கடை பாக்கியம். காலையில ஷட்டர தூக்கசொல்ல நெஞ்ச புடிச்சினு உக்காந்தாராம். ஆட்டோ வர்றதுக்குள்ள முடிஞ்சிடுச்சி."

"அப்படியா" என்றேன். அதற்குள் எங்களைக் கூப்பிட்டுவிட்டார்கள். ஒரு மனிதரின் சாவுக்கு நான் சொன்ன பதில் அந்த ஒரு சொல்தான்.

சர்ச்சில் நடக்கும் அவருடைய முப்பதாம் நாள் பூசைக்கு வருகிறவர்களுக்குக் கொடுக்க இந்தச் சிறு நினைவு மலரைப் போடுகிறார்கள். அவர் மனைவி ஸ்டெல்லா அக்கா என்னிடமும் ஒரு பக்கம் கேட்டார். "நல்லவரு, தங்கமானவருன்னு எழுத நெறைய பேர் கீறாங்க. நீ நடந்தத எழுது" என்றார். மற்ற எல்லோரும் கொடுத்தாயிற்று. அச்சகத்திலிருந்து இரண்டு முறை ஆள் வந்து போனார். கடைசியாகக் கொடுப்பவள் நான்.

அவரைத் தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். மரக்காணம் பேருந்து நிறுத்தத்துக்குப் பின்னால், இரண்டு பேர் நின்றால் மூன்றாமவர் வெளியே நிற்க வேண்டிய ஒரு கடை அவருடையது. ரேடியோவில் தொடங்கி, டிவிக்கு வந்து, அதன் பிறகு தானாகவே கம்ப்யூட்டர் கற்றுக்கொண்டவர். உப்பள முதலாளிகளின் அலுவலகக் கம்ப்யூட்டர்கள், பள்ளிக்கூடத்தின் கம்ப்யூட்டர்கள், பெருமுக்கல் வரைக்கும் உள்ள வீட்டுக் கம்ப்யூட்டர்கள் எல்லாம் அவர் கைக்குத்தான் வரும். எங்கள் பக்கம் காற்றிலேயே உப்பு இருக்கிறது. சன்னல் கம்பி, சைக்கிள் செயின், கேஸ் அடுப்பு எதுவும் முழுதாக மூன்று வருடம் தாங்காது. கம்ப்யூட்டர் மட்டும் என்ன செய்யும்? பல் தேய்க்கும் பிரஷ்ஷாலும் பென்சில் அழிக்கும் ரப்பராலும் அவர் உயிர் கொடுத்த இயந்திரங்கள் எத்தனையோ.

அவருடைய நாக்கையும் சொல்லியாக வேண்டும். சுனாமி அலை வந்த அந்த டிசம்பர் முடிந்து சில நாள் கழித்து, கரையோரக் குப்பத்திலிருந்து ஒருவர் மண்ணும் நீரும் ஒழுகும் கம்ப்யூட்டரைத் தோளில் சுமந்து வந்தாராம். "தண்ணி குடிச்சி செத்ததுக்கு நாடி புடிக்க வந்துக்கிறியா?" என்று பாக்கியநாதன் அவர்கள் கேட்டிருக்கிறார். அந்த மனிதரின் அண்ணன் அந்த அலையில்தான் போனவர். பெட்டியை அங்கேயே வைத்துவிட்டுத் திரும்பிப் போனவர் பிறகு வரவே இல்லை. அந்தப் பெட்டி சரி செய்யப்பட்டு, இரண்டாம் வாரம் அவர் வீட்டு வாசலுக்குப் போய்ச் சேர்ந்தது. ஆனால் சொன்ன சொல் சொன்னதுதான். அதை எந்தப் பெட்டியாலும் திரும்ப எடுத்துக்கொள்ள முடியவில்லை.

நான் அவர் கடைப்படி ஏறியது 2005ஆம் ஆண்டில். நிரஞ்சனுக்கு அப்போது ஐந்து வயது. அவனுடைய இடது கண்ணுக்குப் பார்வை சரியாக வரவில்லை என்று அந்த வருடம்தான் தெரிந்தது. கண்ணில் குறை இல்லை, மூளை அந்தக் கண்ணை ஒதுக்கிவிட்டது என்றார் டாக்டர். நல்ல கண்ணைத் தினமும் இரண்டு மணி நேரம் பிளாஸ்திரி போட்டு மூடி, மற்ற கண்ணுக்கு வேலை கொடுக்க வேண்டும். ஏழெட்டு வயதுக்கு மேல் போனால் கஷ்டம். அவர் அதைச் சாதாரணமாகச் சொன்னார். நான் அன்றிலிருந்து நாட்களை எண்ண ஆரம்பித்தேன்.

பிளாஸ்திரி போட்ட ஐந்தாவது நிமிடம் நிரஞ்சன் பிய்த்து எறிவான். மணி கோக்கச் சொன்னேன், படம் வரையச் சொன்னேன், அடித்தும் பார்த்தேன். "நல்ல கண்ண மூடி வைக்கிற தாய எங்கனா பாத்துக்கிறீங்களா?" என்று என் மாமியார் அக்கம்பக்கத்தில் சொல்லிக்கொண்டிருந்தார். அவன் பிய்க்காமல் உட்கார்ந்தது ஒரே ஒரு இடத்தில்தான். என் கணவர் கல்யாணத்துக்கு முன்பு கேம் ஆடுவதற்காகவே வாங்கிய பழைய கம்ப்யூட்டர் ஒன்று வீட்டில் இருந்தது. அதில் ஒரு கார் ரேஸ். ஆனால் திரையில் படத்தை ஓட்டும் அதன் கிராபிக்ஸ் கார்டு உப்புக்காற்றில் செத்து வெகுகாலம் ஆகிவிட்டது. அது இல்லாமல் ஓட்டினால் கார் தத்தித் தத்திப் போகும். நிரஞ்சன் இரண்டு நிமிடம் பார்ப்பான், பிறகு கை பிளாஸ்திரிக்குப் போய்விடும்.

நான் பி.எஸ்சி. படித்தவள். நாமே வாங்கிவிடலாம் என்று புதுச்சேரிக்குப் போய், இருப்பதில் பெரிய எண் அச்சிட்ட பெட்டியாகப் பார்த்து ஒரு கார்டு வாங்கி வந்தேன். மாட்டினால் பழையபடியே தத்தியது. அதை எடுத்துக்கொண்டு முதன்முதலாக பாக்கியநாதன் அவர்களிடம் போனேன்.

பெட்டியை ஒரு பார்வை பார்த்தார். என்னை ஒரு பார்வை. இடுப்பில் இருந்த நிரஞ்சனை ஒரு பார்வை.

"பையனுக்குக் கண்ணு மட்டு. அம்மாவுக்கு இன்னா, மூளையா?"

கடையில் இருந்த இரண்டு பேர் சிரித்தார்கள். எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது.

"அழுவாத. நீ எந்த ஊரு?"

"பெருமுக்கல் பக்கம்."

"அதான். அளம் தெரியாத ஊரு. ஏம்மா, இங்க உப்பளத்துல பெரிய பாத்தியா கட்டிட்டு, தண்ணி வர்ற வாய்க்கால ஒரு விரல் அகலத்துக்கு வெட்டுனா உப்பு வெளையுமா? பொட்டி மேல போட்டுக்கிறது பாத்தியோட அளவு, அதான் மெமரி. அதுக்குள்ள போய்வர்ற வாய்க்கா அளவ எவனும் மேல போட மாட்டான், உள்ள பொடி எழுத்துல போடுவான். உன் மிஷினு கிழவன். அவனுக்கு சின்னப் பாத்தி, அகல வாய்க்கா, கரண்டு கம்மியா குடிக்கிற கார்டு. அத்தத் தேடணும். போய் இத திருப்பிக் குடு."

புதுச்சேரிக் கடைக்காரர்கள் அந்தக் கார்டைத் திருப்பி எடுத்துக்கொண்டார்கள். ஒரு வாரம் கழித்து அவரே கூப்பிட்டனுப்பினார். தெரிந்த கடைகளில் சொல்லி, எங்கள் பழைய மதர்போர்டில் பொருந்தக்கூடிய மூன்று கார்டுகளைப் பார்த்துவிட்டுத் திருப்பித் தருவதாக வாங்கி வைத்திருந்தார். எங்கள் கம்ப்யூட்டரை அவர் மேசையில் வைத்து, நிரஞ்சனுக்குப் பிளாஸ்திரி போட்டு, நாற்காலியில் தலையணை வைத்து உட்கார வைத்தார். ஒவ்வொரு கார்டாக மாட்டி, எதில் எத்தனை நிமிடம் அவன் கை பிளாஸ்திரிக்குப் போகாமல் இருக்கிறது என்று சுவர்க் கடிகாரத்தைப் பார்த்துக் குறித்துக்கொண்டார். அவருக்குத் தெரிந்த அளவுகோல் அதுதான். வேறு வேலையாக வந்தவர்களிடம், "இங்க ஆஸ்பத்திரி நடக்குது, அப்புறம் வா" என்றார்.

"மாமா, ரெட் காரு குடு" என்றான் நிரஞ்சன்.

"ரெட்டா? முன்னாடி போற வண்டி நம்பரப் படி, தரேன்."

முதல் கார்டில் பன்னிரண்டு நிமிடம். மற்ற இரண்டிலும் அரை மணி நேரத்துக்கு மேல் அசையாமல் இருந்தான். அந்த இரண்டில் ஒன்றில் விசிறி கிடையாது, மேலே கை அகலத்துக்கு ஒரு அலுமினியத் தகடு மட்டும். மற்றதில் சின்ன விசிறி.

"தகடு போட்டதத்தான் எடுக்கணும்" என்றார்.

நான் தகட்டைத் தொட்டுப் பார்த்தேன். சுட்டது. வீட்டில் தனியாகக் குழந்தை அதன் பக்கத்தில் உட்கார்ந்திருப்பதை நினைத்தேன்.

"தீப்பிடிச்சிட்டா?"

"புடிக்காதும்மா. அதுக்கு அந்த சூடு சகஜம்."

"விசிறி இருக்கறதையே குடுங்க சார்."

"நீ மேட்டு ஊருப் பொண்ணு, சொன்னா புரியாது. இந்த ஊர்ல சுத்துற பொருள் எதுவும் ரொம்ப நாள் சுத்தாது. விசிறி இல்லன்னா நிக்கிறதுக்கு ஒண்ணும் இல்ல."

நான் கேட்கவில்லை. பயம் யாருடைய பேச்சையும் கேட்பதில்லை. விசிறி உள்ளதையே வாங்கிக்கொண்டு வந்தேன். அவர் முனகிக்கொண்டே மாட்டித் தந்தார். "மாசம் ஒரு தபா கொண்டா, தொடச்சித் தரேன்" என்றார். முதல் இரண்டு மாதம் கொண்டு போனேன். பிறகு நன்றாகத்தானே ஓடுகிறது என்று விட்டுவிட்டேன்.

உண்மையில் நன்றாகத்தான் ஓடியது. தினமும் இரண்டு மணி நேரம் நிரஞ்சன் பிளாஸ்திரியோடு கார் ஓட்டினான். டாக்டரின் எழுத்துப் பலகையில் முதல் வரிசையைத் தாண்டாத கண், மழைக்காலம் முடிவதற்குள் நான்காவது வரிசைக்கு இறங்கியது. "கண்டினியூ பண்ணுங்க, இன்னும் வரும்" என்றார் டாக்டர். நான் இனிப்பு வாங்கிக்கொண்டு கடைக்குப் போனேன். பாக்கியநாதன் அவர்கள் ஒரு துண்டை வாயில் போட்டுக்கொண்டு, "நாலுக்கே ஸ்வீட்டா? ஏழாவதுக்கு இன்னா, பிரியாணியா?" என்றார். நிரஞ்சனைத் தூக்கி மேசைமேல் நிற்க வைத்து, நல்ல கண்ணைப் பொத்தி, எதிர்க்கடைப் பலகையைப் படிக்கச் சொன்னார். அவன் படித்த ஒவ்வொரு எழுத்துக்கும் தொடையில் தட்டிக்கொண்டார். அவர் சிரித்து நான் பார்த்தது அன்று மட்டும்தான்.

சித்திரை வெயிலில் உப்புப் பாத்திகள் வெளுத்துக் கிடந்த நாட்களில் விசிறி நின்றது. எங்களுக்குத் தெரியவில்லை. கார் பாதி ஓடி நிற்கும், திரையில் பச்சைப் புள்ளிகள் விழும், பிறகு எல்லாம் இருண்டுவிடும். கம்ப்யூட்டரை ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு போனேன். கடையில் அன்று ஏழெட்டுப் பேர். அவர் மூடியைத் திறந்து, கார்டைப் பிடுங்கி, எல்லோரும் பார்க்கும்படி தூக்கிப் பிடித்தார். விசிறியின் நடுவில் துருவும் உப்பும் கட்டியாக இறுகியிருந்தன.

"கடைசியா எப்ப தொடைக்கக் கொண்டாந்த?"

நான் அந்தக் கட்டியையே பார்த்தேன்.

"அன்னிக்கே சொன்னனா இல்லியா? படிச்ச திமிரு. பெத்தவளே புள்ள கண்ண நோண்டுறத நான் இங்கதான் பாக்குறேன்."

கடையே என்னைத் திரும்பிப் பார்த்தது. பாக்கியநாதன் அவர்களுக்கும் ஸ்டெல்லா அக்காவுக்கும் கல்யாணமாகி இருபது வருடமாகக் குழந்தை இல்லை. ஊருக்கே தெரியும், எனக்கும் தெரியும். தெரிந்துதான் சொன்னேன்.

"உங்களுக்குன்னு ஒண்ணு பொறந்திருந்தா இப்படிப் பேச மாட்டீங்க. அதான் கடவுள் குடுக்கல."

அவர் கார்டைத் திரும்ப மாட்டினார். திருகாணிகளை ஒவ்வொன்றாக, அவசரமில்லாமல் முடுக்கினார். பெட்டியைத் தானே தூக்கி வாசலில் வைத்தார்.

"பாத்துப் போங்கம்மா. படி இருக்குது" என்றார்.

அதுவரை என்னை அவர் 'வாம்மா, போம்மா' என்றுதான் சொல்லியிருக்கிறார்.

நான்கு நாள் கழித்து என் கணவரிடம் சொல்லியனுப்பினார். "கார்ட மட்டும் எடுத்துனு வா. விசிறிய புடுங்கிட்டு ஒரு தகடு வச்சித் தரேன், அரை மணி வேல. உன் பொண்டாட்டி வரவேணாம்." என் கணவர் கார்டைக் கழற்றப் போனார். "அந்த ஆளு கடைக்கு இது போச்சின்னா நான் புள்ளையத் தூக்கினு எங்க அம்மா வீட்டுக்குப் போயிடுவேன்" என்றேன். அவர் விட்டுவிட்டார். அடுத்த மாதமும் பாக்கியநாதன் அவர்கள் சொல்லியனுப்பினார். அதற்கும் அதே பதில்.

புதுச்சேரியில் கேட்டேன். இப்போதெல்லாம் வேறு மாதிரி கார்டுதான் வருகிறது, இந்தப் பழையதைத் தூக்கிப் போடுங்கள் மேடம் என்றார்கள். புதுசு வாங்கும் நிலையில் நாங்கள் இல்லை. நிரஞ்சன் மறுபடியும் பிளாஸ்திரியைப் பிய்க்க ஆரம்பித்தான். பிளாஸ்திரி போட்டது வாரத்தில் மூன்று நாள், பிறகு ஒரு நாள், பிறகு அதுவும் இல்லை. தினமும் கலங்குவேன், தினமும் நாளைக்குப் பார்த்துக்கொள்ளலாம் என்பேன். அரை மணி நேர வேலைக்கு ஐந்து மாதம் விட்டேன்.

அவர் இறந்த அன்று மருத்துவமனையில் நிரஞ்சன் இரண்டாவது வரிசைக்கு மேல் படிக்கவில்லை. டாக்டர் பழைய சீட்டையும் புதுச் சீட்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார். "நடுவில என்னம்மா ஆச்சு?" என்று கேட்டார். "கம்ப்யூட்டர் ரிப்பேர் சார்" என்றேன். "மறுபடி ஆரம்பிங்க. போனது திரும்பும்னு நான் வாக்குக் கொடுக்க மாட்டேன்" என்றார்.

மறுநாள் காலை அவர் வீட்டுக்குப் போனோம். தெரு முழுக்க அவரிடம் திட்டு வாங்கியவர்கள். "என் மானிட்டரப் பாத்துட்டு, இது தேறாது, உன் ரெண்டாவது மருமகன் பக்கத்துல கொண்டு போய் உக்கார வைன்னாரு" என்று ஒரு உப்பள முதலாளி சொல்லிச் சிரித்தார். சிரித்துக்கொண்டே துண்டால் முகத்தைப் பொத்திக்கொண்டார்.

ஸ்டெல்லா அக்கா என்னைப் பார்த்து எழுந்து வந்தார்.

"நீ சொன்னத அன்னிக்கே வந்து சொன்னாரு."

"அக்கா..."

"'அவ மேல தப்பு இல்லடி, நான் சொன்னதுக்கு அதான் திரும்பி வரும்'னாரு. சோறு துன்னாம படுத்துட்டாரு. எனக்குத்தான் ஆறல. இன்னும் ஆறல." என் முகத்திலிருந்து கண்ணை எடுக்காமல் சொன்னார். பிறகு குனிந்து நிரஞ்சனின் தோளைப் பிடித்தார். "வா, மாமாவப் பாரு."

நிரஞ்சன் வாசற்படியிலேயே நின்றான். முந்தின நாள் முழுக்க இந்தக் கண்ணை மூடு, அதைப் படி என்று கேட்டுக் கேட்டுப் பழகியிருந்தானோ என்னவோ, யாரும் சொல்லாமலே உள்ளங்கையால் நல்ல கண்ணை மூடிக்கொண்டான். எதிரே கண்ணாடிப் பெட்டி, மாலைகள், சுற்றிலும் ஆட்கள்.

"இன்னாடா தெரியுது?" என்றார் ஸ்டெல்லா அக்கா.

"வெள்ளையா இருக்குது. பூவு."

"அப்புறம்?"

"யாரோ படுத்துனு கீறாங்க."

"யாரு?"

கழுத்தைச் சாய்த்துச் சாய்த்துப் பார்த்தான். "தெரில."

ஸ்டெல்லா அக்கா அவன் கையை மெதுவாக எடுத்துவிட்டார். "ஐய, பாக்கியம் மாமா!" என்றான் உரக்க. அழுதுகொண்டிருந்தவர்கள் ஒரு கணம் நிறுத்தினார்கள். ஸ்டெல்லா அக்கா என்னைப் பார்த்தார்.

பாக்கியநாதன் சார், உங்களை வழியனுப்ப என் மகன் ஒற்றைக் கண்ணோடுதான் வந்தான். மற்றொன்றுக்காக நீங்கள் பாடுபட்டீர்கள், குறுக்கே நின்றது நான். உங்களை அறிந்தவர்களும் அறியாதவர்களும் படிக்கட்டும் என்றுதான் இதை எழுதிக் கொடுக்கிறேன். நீங்கள் நிம்மதியாக உறங்குங்கள்.