செவ்வந்தியும் மாரப்பனின் முழங்காலும்

செவ்வந்தி நான்காவது முட்டையை உரித்துக்கொண்டிருந்தாள். நாளைக் காலையில் ஸ்கேன். அதனால் இன்று மாரப்பனுக்குச் சோறு கிடையாது, முட்டையும் கீரையும்தான். பல்லடத்தில் கோழிப்பண்ணை வைத்திருப்பவருக்கு முட்டையைக் கண்டாலே ஆகாது.

செவ்வந்தி பெருந்துறைக்காரி. வேலை பார்த்த பஞ்சாலை மூடியபின் நோயாளி பராமரிப்பு பயின்று, பதினான்கு வருடமாக வீடுகளில் தங்கிப் பார்க்கிறாள். மற்றவர்கள் அழும்போது அழாமலிருக்கத்தான் தனக்குச் சம்பளம் என்பாள்.

மாரப்பனுக்கு ஒரு மாதமாகச் சாயங்காலக் காய்ச்சல். முன்பு பொருத்திய செயற்கை மூட்டில் சீழ் இருந்தால் அதைக் கழற்றி, இரண்டு மாதம் படுக்க வைத்து, புதிது போடவேண்டும் என்றார் டாக்டர். எழுபது வயதில் படுத்தால் எழப்போவதில்லை என்று மாரப்பன் முடிவுகட்டிவிட்டார்.

"கதிர்வீச்சு கலந்த சர்க்கரைய ஊசியில ஏத்துவாங்க. கிருமி இருக்கற எடம் அதைய இழுத்துக்கும், படத்துல வெளிச்சமாத் தெரியும். முன்னாடியே இனிப்புத் தின்னுட்டா படம் கெட்டுப்போயிருமுங்க" என்றாள் செவ்வந்தி.

"தீனி வெக்கறவனுக்கே பாடமா, அம்மணி?"

காலையில் ஆர்.எஸ்.புரத்து ஸ்கேன் மையம். செவ்வந்தி டோக்கன் வாங்கப் போன நேரத்தில், அடுத்த தெருவிலிருக்கும் மாரப்பனின் தங்கை மகள் புவனா வந்து மாமனை வீட்டுக்கு அழைத்துப்போய்த் திரும்பக் கொண்டுவந்து விட்டாள். ஸ்கேன் அறையில் விரலைக் குத்திப் பார்த்தால் சர்க்கரை இருநூற்று நாற்பது.

"என்ன சாப்பிட்டீங்க?" என்றாள் செவ்வந்தி.

"ஒண்ணுமில்லை."

அவள் அவர் சட்டையில் ஒட்டியிருந்த துணுக்கைத் தட்டிவிட்டாள்.

"ஒரு காப்பி. ரெண்டு வெல்லக் கச்சாயம். தட்டுல வெச்சு நீட்டறப்ப வேண்டாம்னா, மாமன் மொகத்தைத் திருப்பிட்டுப் போயிட்டாருன்னு பேசுவா."

"பேசட்டுமுங்க. மூட்டு உங்களுதா, அவிங்களுதா?"

ஸ்கேன் மறுநாளைக்குத் தள்ளிப்போனது. தங்கியது புவனா வீட்டில்தான். செவ்வந்தி சமையலறை வாசலில் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்துகொண்டாள்.

"ஏனுங்க, என்ற ஊட்டுல எனக்கே காவலா?" என்றாள் புவனா.

"ஆமாங்க."

அடுத்த நாள் ஊசி ஏறியது, படமும் எடுத்தாயிற்று. சாயங்காலம் டாக்டர் திரையைக் காட்டினார். முழங்காலில் ஒன்றுமில்லை. இடது கீழ்க்கடைவாய்ப் பல்லின் வேரில் பளிச்சென்று வெளிச்சம்.

"பல்லு வலிக்கலைங்களா?" என்றார் டாக்டர்.

"வலிச்சுதுங்க. எல்லாரும் காலைத்தான கேட்டீங்க."

செவ்வந்தி தன்னையும் சேர்த்தே திட்டிக்கொண்டாள். ஒரு மாதமாக அவருக்கு வாய் கொப்பளிக்கத் தண்ணீர் கொடுத்தவள் அவள்தான்.

மறுநாள் காலை பத்து மணிக்குள் பல்லைப் பிடுங்கிச் சீழை வடித்தார்கள். செவ்வந்தி பஞ்சைக் கடித்துக்கொள்ளச் சொன்னாள். அரைமணி நேரம் அவரால் பேச முடியவில்லை. அவளுக்குச் சௌகரியமாக இருந்தது.