துடைத்துவிட்டுச் சோதித்தார்கள்

இதை நினைத்தால் இன்றும் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது.

தொண்ணூறுகளின் கடைசியில் புனேயில் ஆராய்ச்சி மாணவியாக இருந்தேன். உப்புத்தண்ணீரும் இரும்பும் தொட்டுக்கொள்ளும் இடத்தில் என்ன நடக்கிறது என்பதுதான் என் கேள்வி. அதைக் காட்டும் எக்ஸ்ரே கருவிக்குள் காற்றே இருக்கக்கூடாது. ஈரம் உள்ளே போனால் கருவி கெட்டுவிடும். உறைந்த பனியாக இருந்தால் கெடாது. அதனால் தண்ணீர்ப் படலத்தோடு இரும்புத் துண்டைத் திரவ நைட்ரஜனில் உறையவைத்து எடுத்துப் போனேன். பல மாதம் காத்திருந்து கிடைத்த நாள் அது.

கருவியைப் பார்த்துக்கொண்டவர் மதுரைக்காரர். அப்படியே வையுங்கள் என்று சொல்லிவிட்டு டீ குடிக்கப் போனேன். திரும்புவதற்குள் பனியை உருக்கி, அசிட்டோனால் துடைத்து, துண்டை உள்ளே வைத்துச் சோதனையைத் தொடங்கியிருந்தார்.

“பளபளன்னு ஆக்கிட்டேம்மா.”

“சார், அந்தத் தண்ணியைப் பார்க்கத்தானே வந்தேன்!”

“இங்க எல்லாமே காயவச்சுத்தான் உள்ள போகும். உனக்கு மட்டும் தனிச் சட்டமா?”

என் ஆராய்ச்சிக்கு வழிகாட்டும் கைடிடம் ஓடினேன். அவரும் தமிழர்தான். சிரித்தார்.

“அரே, வர்ற ரிசல்ட்டையே போட்டு எழுதும்மா. தண்ணி இருந்துச்சா இல்லையான்னு எவன் பார்க்கப் போறான்?”

மதுரைக்காரர் மீதிருந்த கோபம் அங்கேயே இடம் மாறியது. அவராவது கருவி கெட்டுவிடும் என்று பயந்து துடைத்தார். இவர் தெரிந்தே பொய் எழுதச் சொன்னார்.

“எழுத மாட்டேன் சார்” என்றேன்.

கருவிக்காக மறுபடி வரிசையில் நின்றேன். பட்டம் தள்ளிப்போனது, கைடு என்னோடு பேசுவதையே நிறுத்திவிட்டார். போகட்டும். இன்றும் பளபளப்பான ஆய்வறிக்கை ஒன்று கைக்கு வந்தால், எதைத் துடைத்தீர்கள் என்றுதான் முதலில் கேட்கிறேன்.